குதிரைக்கும் கொம்பு உண்டு: 'கெரட்டாஜினஸ்' என்ற சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிடைக்கவே கிடைக்காத ஒன்றைக் குதிரைக்கொம்பு என்கிறோம். ஆனால் கொம்பை உண்டாக்கும் திசுவைக் குறிக்கும் 'கெரட்டாஜினஸ்' என்ற அறிவியல் சொல்லைத் தேடிப் போனால், அது அதிகமாகத் தட்டுப்படுவது குதிரையைப் பற்றிய பக்கங்களில்தான். தலையில் இல்லாத கொம்பைக் குதிரை நான்கு கால்களிலும் அணிந்துகொண்டு ஓடுகிறது. அது எப்படி என்பதும், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, இன்று எவ்வளவு சரி என்பதும் கீழே.

கெரட்டாஜினஸ் என்றால் என்ன பொருள்?

'கொம்பை உண்டாக்குகிற' என்று பொருள். இது பெயரடை. தனியாக நிற்காது, திசு, படலம், மண்டலம் என்று ஏதாவது ஒரு பெயரோடு சேர்ந்தே வரும். கெரட்டாஜினஸ் திசு என்றால் கொம்புப் பொருளை உண்டாக்கும் திசு.

இங்கே கொம்பு என்பதை மாட்டின் தலையில் இருப்பதாக மட்டும் நினைத்தால் பாதி விஷயம் நழுவிவிடும். உடற்கூற்றியலில் அது ஒரு பொருளின் பெயர், மரம் அல்லது தோல் என்று சொல்வது மாதிரி. குளம்பு, நகம், முடி, இறகு, பறவையின் அலகு, எறும்புத்தின்னியின் செதில் எல்லாமே அந்தப் பொருளின் வகைகள்தான். இன்று அதற்குக் கெரட்டின் என்று பெயர்; அது ஒரு புரதம்.

எந்த மொழிச் சொல்?

துண்டுகள் இரண்டும் கிரேக்கம். முதல் துண்டு 'கெராஸ்', கொம்பு. இரண்டாவது, 'பிறத்தல், பிறப்பித்தல்' என்ற பொருள் தரும் 'கென்' என்ற வேர்.

கெராஸ் எப்படிக் 'கெரட்' ஆனது என்று பலருக்கும் குழப்பம் வரும். தமிழ் படித்தவர்களுக்கு இது எளிது. மரம் என்பது வேற்றுமை ஏற்கும்போது மரத்தை, மரத்தின் என்று 'மரத்து' ஆகிறதல்லவா? அதே மாதிரிதான். கெராஸ் என்ற சொல் 'கொம்பின்' என்று மாறும்போது 'கெராட்டோஸ்' ஆகும். கூட்டுச்சொற்களில் பெரும்பாலும் இந்த மாறிய வடிவமே வரும்: கெரட்டின், கெரட்டைட்டிஸ், மூன்று கொம்பு முகம் என்று பொருள்படும் டிரைசெரடாப்ஸ். மாறாத வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் காண்டாமிருகத்தின் ஆங்கிலப் பெயரான ரைனோசெரஸைப் பாருங்கள். ரைனோ மூக்கு, செரஸ் கொம்பு: மூக்கில் கொம்புள்ளது. நடுவில் வரும் 'ஓ' என்ற உயிர், கிரேக்கம் இரண்டு சொற்களை ஒட்டும்போது இடும் பசை. அதற்குத் தனிப் பொருள் கிடையாது.

வேரை இன்னும் தோண்டினால் உறவினர் கூட்டம் பெரிது. லத்தீனின் 'கோர்னு', ஆங்கிலத்தின் 'ஹார்ன்', சமஸ்கிருதத்தின் 'சிருங்கம்' எல்லாம் கிரேக்கக் கெராஸுக்குச் சொந்தக்காரச் சொற்கள். ருசியசிருங்கர் என்ற முனிவர் பெயரில் இருப்பது அந்தச் சிருங்கம்தான். தமிழில் அவர் கலைக்கோட்டு முனிவர், மான்கொம்பு கொண்டவர். 'கென்' பக்கத்திலும் அப்படியே: ஜனனம், ஜன்மம் என்று நாம் சொல்லும் சொற்களும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. ஆக, அயல்மொழியாகத் தெரியும் கெரட்டாஜினஸின் இரு துண்டுகளுக்கும் நமக்குப் பழகிய வடசொற்களில் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள்.

கிரேக்கர்களே பயன்படுத்திய சொல்லா?

இல்லை. இது பிற்கால அறிவியலாளர்கள் கிரேக்கத் துண்டுகளை வைத்துத் தைத்த சொல். 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு, ஆங்கிலக் கால்நடை உடற்கூறு எழுத்துகளில் இது சரளமாகப் புழங்கியது. அன்று போக்குவரத்தும் உழவும் போரும் குதிரையின் காலில் நின்றன. குளம்பு போனால் குதிரை போயிற்று. அதனால் குளம்பின் உள்ளமைப்பை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்.

-ஜினஸ், -ஜெனிக், -ஜெனிசிஸ் எல்லாம் ஒன்றுதானா?

வேர் ஒன்று, வேலை வேறு. கெரட்டோஜெனிசிஸ் என்பது கொம்புப் பொருள் உண்டாகும் நிகழ்வு, அது பெயர்ச்சொல். கெரட்டோஜெனிக், கெரட்டாஜினஸ் இரண்டும் பெயரடைகள், பொருளிலும் ஏறக்குறைய ஒன்றே.

-ஜினஸ் விகுதியில் ஒரு வழுக்கல் உண்டு. சில சொற்களில் அது 'உண்டாக்குகிற' என்று பொருள்படும், சிலவற்றில் 'உண்டான' என்று. எண்டாஜினஸ் என்றால் உள்ளிருந்து உண்டான. உள்ளை உண்டாக்குகிற அல்ல. நம் சொல்லில் முதல் பொருள்தான். கெரட்டாஜினஸ் திசு கொம்பைப் பிறப்பிப்பது, கொம்பிலிருந்து பிறந்தது அல்ல. வேகமாக மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள்.

மாடு, மான், காண்டாமிருகம், யானை... எல்லாவற்றின் கொம்பும் இந்தத் திசு தருவதுதானா?

தமிழ் இங்கே தாராளமான மொழி. மாட்டுக்கொம்பும் கொம்பு, மான்கொம்பும் கொம்பு, யானைத் தந்தமும் கொம்பு. போதாக்குறைக்கு மரக்கிளையும் கொம்பு. பழைய தமிழின் கோடு, மருப்பு ஆகிய சொற்களும் அப்படித்தான், விலங்கின் கொம்பையும் யானையின் தந்தத்தையும் சேர்த்தே குறிக்கும். ஆனால் உடலுக்குள் இவை வெவ்வேறு பொருட்கள்.

மாடு, ஆடு, இரலை ஆகியவற்றின் கொம்பில் இரண்டு அடுக்கு. உள்ளே எலும்புத் தண்டு, வெளியே கெரட்டின் உறை. பழைய கொம்பு ஒன்று தொப்பியைப் போலக் கழன்று வரும்போது கையில் கிடைக்கும் உள்ளீடற்ற கூம்புதான் உண்மையான கொம்புப் பொருள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய, ரத்தம் நிறைந்த தோல்தான் கெரட்டாஜினஸ் திசு இருக்கும் இடம். உறை அடியிலிருந்தே வளரும். நுனிதான் ஆக மூத்த பகுதி. தீவனம் குறைந்த காலமும் கன்று ஈன்ற காலமும் அதில் வளையங்களாகப் பதிவதால், பசுவின் கொம்பைப் பார்த்து வயதையும் ஈற்றையும் கணிப்பது உண்டு.

மான்கொம்பு வேறு கதை. அது முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைக்கும். வளரும் காலத்தில் மேலே மயிரடர்ந்த வெல்வெட் தோல் போர்த்தியிருக்கும். வளர்ந்து முடிந்ததும் அந்தத் தோல் காய்ந்து உரிந்துவிடும். அதன் மேல் கெரட்டின் உறை கிடையாது. அதனால் மானின் கொம்பைப் பற்றி எழுதும்போது கெரட்டாஜினஸ் என்று சொல்வது தவறு.

காண்டாமிருகம் நேர் எதிர்: அதன் கொம்பில் எலும்பே இல்லை, முழுக்கக் கெரட்டின். நெருக்கமாக ஒட்டிய நுண்குழல்களின் கட்டு அது. நடுப்பகுதியில் கால்சியமும் மெலனின் என்ற நிறமியும் அடர்ந்து படிந்திருப்பதை 2006இல் வெளியான சி.டி. ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. ஓரங்கள் தேய்ந்து நடு எஞ்சுவதால் கூர்மை வருகிறது. பென்சில் சீவுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யானைத் தந்தம் பல். ஒட்டகச்சிவிங்கியின் தலையில் இருப்பது தோல் மூடிய எலும்பு. இவ்விரண்டுக்கும் நம் சொல்லோடு தொடர்பில்லை.

குளம்பில் இந்தத் திசு எங்கே இருக்கிறது?

குதிரையின் குளம்பை ஒரு காலணி என்று எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே கால் எலும்பு. எலும்பின் மேல் காலுறை மாட்டியதைப் போல, உயிருள்ள ஒரு தோல் படலம் முழுவதுமாகப் படர்ந்திருக்கும். அதன் மேல்தான் கொம்புக் காலணி. நடுவில் இருக்கும் அந்தக் காலுறைக்குத்தான் பழைய நூல்கள் கெரட்டாஜினஸ் படலம் என்று பெயர் வைத்தன.

அந்தப் படலத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். காலின் தோல் முடிந்து குளம்பு தொடங்கும் மேல் விளிம்பில், ஒரு கனத்த வளையமாக இருப்பது முதல் பகுதி. குளம்புச் சுவர் பிறப்பது இங்கேதான். இங்கிருந்து நுண்ணிய விரல்கள் போன்ற முளைகள் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முளையைச் சுற்றியும் ஒரு கொம்புக் குழல் உருவாகி, ஆயிரக்கணக்கான குழல்கள் இடைப்பொருளால் ஒட்டப்பட்டுச் சுவராக இறங்கும். சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். முன்பக்கத்தில் மேலிருந்து தரை வரை புதிதாக வந்து சேர 9 முதல் 12 மாதங்கள் ஆகும். குளம்பின் தரம் உயரத் தீவனத்தில் பயோட்டின் என்ற வைட்டமினைச் சேர்ப்பவர்கள் பலனைப் பார்க்கப் பல மாதங்கள் பொறுத்திருக்க வேண்டியது இதனால்தான்: ஏற்கெனவே இறங்கிவிட்ட சுவரை எந்தத் தீவனமும் திருத்தாது.

இரண்டாவது, அடிப்பக்கத்தில் வெல்வெட் துணிபோல மென்முளைகள் நிறைந்த பகுதி. குளம்பின் அடித்தளத்தையும், அங்கே முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியையும் தருவது இது. அந்த முக்கோணத்துக்கு ஆங்கிலத்தில் தவளை என்று பெயர். ஏன் தவளை என்று கேட்டால் நல்ல பதில் கிடைப்பதில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சுவரின் உட்புறத்தை ஒட்டி, புத்தகத் தாள்களைப் போல அடுக்கடுக்காக நிற்கும் மடல்கள். பழைய பெயர் போடோஃபில்லஸ் திசு. போடோ கால், ஃபில்லோன் இலை. ஒரு குளம்பில் முதன்மை மடல்கள் சுமார் 550 முதல் 600 வரை. ஒவ்வொன்றின் மேலும் 150 முதல் 200 வரை துணை மடல்கள். சுவரின் உட்பக்கத்திலும் இதேபோல் மடல்கள் இருப்பதால், இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்தது மாதிரி அவை பொருந்திக்கொள்ளும். நகமும் சதையும் போல என்று நட்புக்கு உவமை சொல்கிறோமே, அந்தப் பிடிப்பின் உச்சம் இது. குதிரையின் முழு எடையும் இந்தப் பிடியில்தான் தொங்குகிறது; எலும்பு அடித்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. இந்தப் பிடி நோயால் தளர்ந்தால் எலும்பு குளம்புக்குள்ளேயே திரும்பியோ கீழே இறங்கியோ விடும். லாமினைட்டிஸ் என்று குதிரைக்காரர்கள் அஞ்சும் நோய் அதுவே.

அந்தப் படலம்தான் கொம்பை உண்டாக்குகிறதா?

இல்லை! சொல்லின் பொருளைச் சொல்லிவிட்டு நிறுத்தும் அகராதிகள் விட்டுவிடும் இடம் இது.

பழைய உடற்கூற்றாளர்கள் கண்ணால் பார்த்தது இதுதான்: குளம்பைக் கழற்றினால் உள்ளே சிவந்த, ரத்தம் கசியும் படலம்; அதன் மேல் வெளிறிய, உயிரற்ற கொம்பு. உமிழ்நீர்ச் சுரப்பி உமிழ்நீரைச் சுரப்பது போல அந்தச் சிவந்த படலம் கொம்பைச் சுரக்கிறது என்று அவர்கள் முடிவுகட்டியது இயல்புதான். சொல்லும் அந்த எண்ணத்தோடேயே பிறந்தது.

நுண்ணோக்கி வேறு கதை சொன்னது. அந்தப் படலத்தின் பெரும்பகுதி அடித்தோல். ரத்தக்குழாய், நரம்பு, இணைப்புத் திசு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது கெரட்டினைச் செய்வதில்லை. செய்வது அதன்மேல் ஒட்டியிருக்கும் மேல்தோலின் அடிவரிசைச் செல்கள். அந்தச் செல்களுக்கென்று தனி ரத்தக்குழாய் கிடையாது. கீழே இருக்கும் அடித்தோல் ஊட்டுவதை உண்டு, பிளந்து, பெருகி, மேலே தள்ளப்பட்டு, கெரட்டினால் நிரம்பி, செத்து, கொம்பாகின்றன. ஆகவே கொம்பு சுரக்கப்படுவது அல்ல. செல்களே கொம்பாக மாறுகின்றன.

இன்றைய பார்வையில் 'கெரட்டாஜினஸ் படலம்' என்ற பெயர், சமைத்தவரை விட்டுவிட்டுச் சரக்கு கொண்டுவந்து கொடுத்தவருக்குப் பாராட்டு மடல் வாசித்தது மாதிரி. அதனால்தான் புதிய நூல்கள் குளம்பின் அடித்தோலைக் கோரியம் என்றே பிரித்துச் சொல்கின்றன. ஆனாலும் பழைய பெயர் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அடித்தோல் எந்த வடிவில் முளையும் மடலும் விடுகிறதோ அந்த அச்சில்தான் கொம்பு வார்க்கப்படுகிறது. ஊட்டம் நின்றால் உற்பத்தியும் நிற்கிறது.

மென்மையான செல் எப்படி இவ்வளவு கெட்டியாகிறது?

கெரட்டின் மூலக்கூறுகள் சுருள் வடிவில் இருக்கும். இரண்டு இரண்டாக முறுக்கிக்கொண்டு, அப்புறம் கட்டுக்கட்டாகச் சேர்ந்து, சுமார் 10 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாகும். கயிறு திரிப்பதேதான். பாலூட்டிகளில் இந்த வகை. ஊர்வனவற்றின் செதிலிலும் பறவையின் இறகு, அலகிலும் தகடுபோல மடங்கும் பீட்டா வகைப் புரதங்கள் முக்கிய இடம் பிடிக்கின்றன.

கெட்டித்தன்மையின் ரகசியம் கந்தகத்தில் இருக்கிறது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் உண்டு. இரண்டு சிஸ்டீன்கள் சேர்ந்தால் இழைக்கும் இழைக்கும் நடுவே பாலம் விழும். பாலங்கள் கூடக் கூடக் கெட்டி கூடும். தோலின் கெரட்டினில் குறைவு, நகம், கொம்பு, குளம்பில் அதிகம். முடி கருகும்போது வரும் அந்த மூக்கைத் துளைக்கும் நாற்றம் இந்தக் கந்தகத்தின் வேலைதான். கொம்பைச் சுட்டாலும் அதே வாடை வரும். பெர்மிங் செய்து முடியைச் சுருட்டும்போதும் ரசாயனத்தால் இதே பாலங்களை உடைத்து, வேண்டிய வடிவில் வைத்து, மறுபடி கட்டுகிறார்கள்.

மனித உடலில் கெரட்டாஜினஸ் திசு உண்டா?

உண்டு. நகத்தின் வேர்ப்பகுதியில், தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் நகமூலம்தான் தெளிவான உதாரணம். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும், கால்நகம் அதில் பாதி. கடும் காய்ச்சல் வந்து சில வாரங்கள் கழித்து நகங்களில் குறுக்கே ஒரு பள்ளம் தெரிந்தால், நகமூலம் அந்த நாட்களில் வேலையை நிறுத்தியிருந்தது என்று அர்த்தம். 1846இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் போவின் பெயரால் இவற்றைப் போ கோடுகள் என்பார்கள். பசுக்கொம்பின் வளையத்துக்கு மனிதப் பதிப்பு.

முடியியலில் இந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. மயிர்க்கால் குமிழுக்குச் சற்று மேலே, மென்மையான செல்கள் உட்கருவை இழந்து கெட்டிப்படும் பகுதிக்குக் கெரட்டாஜினஸ் மண்டலம் என்றே பெயர். கீழே இருக்கும்வரை செல், அந்த மண்டலத்தைத் தாண்டினால் முடி.

தோலும் கெரட்டின் செய்கிறதே, அதையும் இப்படிச் சொல்லலாமா?

பொருள்படி சொல்லலாம், வழக்கில் சொல்வதில்லை. மேல்தோலுக்குக் கெரட்டினாக்கம், கெரட்டினோசைட் என்று வேறு சொற்கள் நிலைத்துவிட்டன.

'உனக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது?' மனிதருக்கு உண்மையில் கொம்பு முளைக்குமா?

முளைக்கும், வைதவர் நினைத்த மாதிரி இல்லை. தோலில் ஒரே இடத்தில் கெரட்டின் அளவுக்கு மீறிக் குவிந்து கூம்பாக நீளும் வளர்ச்சி ஒன்று உண்டு. மருத்துவத்தில் அதற்குத் தோல்கொம்பு என்று பொருள்படும் லத்தீன் பெயர். வயதானவர்களுக்கு, வெயில் படும் இடங்களில் அதிகம் வரும். உள்ளே எலும்பு கிடையாது. கேலியாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம் இது. கொம்பு கெடுதல் செய்யாது. அதன் அடியில் இருப்பது சாதாரண மருவாகவும் இருக்கலாம், தோல் புற்றாகவும் இருக்கலாம். அடியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கொம்பு முளைக்க வேண்டும் என்று முடிவு செய்வது மண்டையோடா, தோலா?

1933இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஃபிராங்க்ளின் டவ் என்ற உயிரியலாளர் செய்த சோதனை இதற்கு அழகான பதில். பிறந்து ஒரு நாளே ஆன காளைக்கன்றின் இரண்டு கொம்பு மொட்டுகளையும் எடுத்து, நெற்றியின் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் பொருத்தினார். இரண்டும் சேர்ந்து ஒற்றைக் கொம்பாக வளர்ந்து, மண்டையோட்டோடு ஒட்டிக்கொண்டன. நடுநெற்றியில் கொம்பு வளர மண்டையோட்டில் எந்த ஏற்பாடும் இல்லை. ஆணை தோல்பக்கத்து மொட்டிலிருந்தே வந்தது. முதல் இரண்டு மாதங்கள் வரை கன்றின் கொம்பு மொட்டு தோலோடு நகரும், அதன் பிறகே எலும்போடு இணையும் என்பதும் இதோடு பொருந்துகிறது.

அந்தத் திசு அழிந்தால் என்ன ஆகும்?

கொம்பு வராது, அவ்வளவுதான். கன்றுகளுக்குக் கொம்பு வராமல் சுடுவது இந்த அடிப்படையில்தான்: மொட்டைச் சுற்றியுள்ள வளையத்தை முழுதாக அழிக்க வேண்டும். ஒரு ஓரம் தப்பினாலும் அங்கிருந்து கோணல்மாணலாக ஒன்று எட்டிப் பார்க்கும். அந்தத் திசுவில் நரம்பு நிறைய. மரத்துப்போகும் ஊசி போடாமல் செய்வது பெரும் வேதனை.

மறுபக்கம், திசுவைத் தொடாமல் மேலே மட்டும் வெட்டினால் மறுபடி வளரும். கள்ளவேட்டையிலிருந்து காப்பாற்றக் காண்டாமிருகத்தின் கொம்பை அடியை விட்டுவிட்டு அறுத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் அது திரும்ப வளர்ந்துவிடும். நாம் நகம் வெட்டுவதற்கும் அதற்கும் கொள்கையில் வித்தியாசமில்லை. குதிரைக்கு லாடம் அடிக்கும்போது வலிக்காததற்கும் அதுதான் காரணம். ஆணி உயிரற்ற சுவருக்குள் மட்டும் போக வேண்டும். உள்ளே சற்று விலகினால் உயிருள்ள படலத்தில் இறங்கி, குதிரை நொண்டும்.

கெரட்டைட்டிஸ் கண் நோயாயிற்றே, கண்ணுக்கும் கொம்புக்கும் என்ன உறவு?

கண்ணின் முன்புறத்தில் இருக்கும் ஒளி ஊடுருவும் படலத்துக்கு லத்தீனில் கார்னியா என்று பெயர். கொம்பு போன்றது என்று பொருள். மெல்லியதாகச் சீவிய கொம்பு ஒளியை விடும் என்பது பழங்காலத்தவருக்குத் தெரியும். கிரேக்கத்தில் பெயர் வைத்தவர்கள் அதே கொம்பைக் கெரட் என்று எழுதினார்கள். அதனால் கெரட் என்று தொடங்கும் சொற்கள் இரண்டு குடும்பம்: ஒன்று கண், மற்றது கெரட்டின். கெரட்டைட்டிஸ் கண் அழற்சி. கெரட்டோசிஸ் தோல் தடிப்பு. கெரட்டாஜினஸ் இரண்டாவது குடும்பம்.

வேடிக்கை என்னவென்றால், நலமான கார்னியாவின் மேற்பரப்பு கெரட்டினாகக் கெட்டிப்படுவதே இல்லை. பெயர்தான் கொம்பு.

கெரட்டின், கரோட்டின், கிரியேட்டின், கைட்டின்: எல்லாம் ஒன்றா?

தமிழில் எழுதினால் இந்த நான்கும் அண்ணன் தம்பி போலத் தெரியும்; எழுத்துப்பிழையே ஆளை மாற்றிவிடும். கரோட்டின் கேரட்டின் ஆரஞ்சு நிறமி, பெயரும் கேரட்டிலிருந்தே. கிரியேட்டின் தசையில் இருப்பது, கிரேக்கத்தில் 'கிரெயாஸ்' என்றால் இறைச்சி. கைட்டின் பூச்சி, நண்டு ஆகியவற்றின் ஓட்டில் இருப்பது. அது புரதமே அல்ல, சர்க்கரை மூலக்கூறுகளின் சங்கிலி.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கரோட்டினும் கெரட்டினும் உண்மையாகவே சந்திக்கின்றன. பீட்டா கரோட்டினிலிருந்து உடல் வைட்டமின் ஏ செய்துகொள்கிறது. அந்த வைட்டமின் மிகவும் குறைந்தால், ஈரமாக இருக்க வேண்டிய கண்ணின் மேற்பரப்பு வறண்டு தோலைப் போலக் கெரட்டினாகத் தொடங்குகிறது. முந்தைய கேள்வியில் பெயரளவில் கொம்பாக இருந்த படலம், நோயில் நிஜமாகவே கொம்பாகப் பார்க்கிறது.

தங்கம், வைரத்துக்குச் சொல்லும் காரட்டுமா இதே வேர்?

ஆமாம். கிரேக்கத்தில் 'கெராட்டியான்' என்றால் குட்டிக்கொம்பு. காரோப் மரத்தின் வளைந்த நெற்றுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். அதன் விதை எடைக்கல்லாகி, அரபு வழியாக ஐரோப்பா போய், காரட் ஆயிற்று. வைர எடைக் காரட் 200 மில்லிகிராம் என்று 1907இல் நிலைப்படுத்தப்பட்டது.

தமிழில் எப்படிச் சொல்லலாம்?

'கொம்பாக்கத் திசு' போதும் என்பது என் கருத்து. 'கொம்பு சுரப்புத் திசு' என்று எழுதினால் 19ஆம் நூற்றாண்டின் தவறை நாமே மறுபடி செய்தவர்களாவோம். 'கெரட்டின் ஆக்கத் திசு' என்பது வேதியியல்படி இன்னும் துல்லியம், ஆனால் சொல்லுக்குள் இருக்கும் கொம்பு காணாமல் போய்விடுகிறது. குளம்பைப் பற்றித்தான் பேச்சு என்றால் நான் இரண்டாகப் பிரித்தே எழுதுவேன்: ஊட்டுவதைக் குளம்பின் அடித்தோல் என்றும், கொம்பாவதைக் குளம்பின் மேல்தோல் என்றும். பழைய நூலை மொழிபெயர்க்கும்போது மட்டும், அவர்கள் சொன்னபடியே கெரட்டாஜினஸ் படலம் என்று விட்டுவிட்டு அடிக்குறிப்பு போடுவது நல்லது.